கர்நாடகப் பேர்வழியின் ஐந்து புதுப் பாட்டுகள்

இந்தப் பகுதியைத் தவறாமல் படித்து வரும் நேயர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாயிருக்கும். பழைய இசைத் தட்டுகளைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் படிக்க ரஸமாய்த்தான் இருக்கிறதாம். ஆனால் அவருடைய பதினாறு வயதுப் புதல்வி அதைப் படித்துவிட்டு, இந்த மனிதருக்குப் பிடித்த பாட்டுக்காரர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டாளாம். கடந்த பத்து வருஷங்களுக்குள் பிறந்த பாட்டுகளில் தேறுவது ஐந்தாவது இருந்தால் பெயர் சொல்ல வேண்டும் என்பது நேயரின் வேண்டுகோள்.

பெண்ணின் கேள்வி நியாயமானது. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாகவதரின் குரலைப் பற்றி இன்னொரு பத்தி எழுதி நழுவிவிடுவது உபாத்தியாயர் தொழிலுக்கு அழகல்ல. ஆகையால் இந்த வாரம் ஐந்து பாட்டுகள்.

முதலில் என் கட்சி இன்னதென்று சொல்லிவிடுகிறேன். பழைய பழக்கத்தை விடாதவரைக் ‘கர்நாடகம்’ என்று கேலி செய்வது நம் பக்கத்து வழக்கம். அந்தக் கணக்கில் நான் சுத்தக் கர்நாடகம். ஆனால் என் கர்நாடகம் வயதினால் வந்ததல்ல. எனக்கு நாற்பத்தைந்துதான் ஆகிறது. 1944-ல் ‘ஹரிதாஸ்’ வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டபோது என் தகப்பனாரே பிறக்கவில்லை. 1945-ல் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி ‘மீரா’வில் பாடியதும் அப்படியே. நான் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு மாணவனாயிருந்தபோது ஊரெல்லாம் முழங்கியது 1992-ல் வந்த ‘ரோஜா’. ஒவ்வொருவரும் தம் மீசை அரும்பிய காலத்துப் பாட்டையே உலகத்தில் உயர்ந்த பாட்டு என்று நினைப்பார்கள் என்று ஒரு சித்தாந்தம் உண்டு. என் விஷயத்தில் அது செல்லாது. பிறப்பதற்கு முன்னால் முடிந்துபோன சங்கீதத்தின் மேல் எனக்கு ஆசை. இது விதி, வேறென்ன?

இது நிற்க. பழமையின் கட்சியில் இருப்பவன் என்பதற்காகப் பழைய பாட்டெல்லாம் தேனும் பாலும் என்று நான் சாதிக்க மாட்டேன். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. அந்தப் படத்திலும் அதையடுத்து வந்த படங்களிலும் பாட்டுகள் டஜன் கணக்கில் இருந்தன. கதாநாயகன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதென்றாலும் ஒரு பாட்டு; தண்ணீர் வந்துவிட்டால் இன்னொரு பாட்டு. இந்துஸ்தானி மெட்டுகளையும் நாடகமேடை மெட்டுகளையும் எடுத்துத் தமிழ்ச் சொற்களை அவற்றுக்குள் திணித்து, குறில் நெடிலாகவும் நெடில் குறிலாகவும் அவதிப்பட்ட பாட்டுகள் அநேகம். அவையெல்லாம் இன்று எங்கே? காலம் என்னும் முறத்தில் பதராய்ப் பறந்துவிட்டன. மணிகள் மட்டும் நம் கையில் நிற்கின்றன. புடைத்து முடிந்த அரிசியையும், இப்போதுதான் களத்தில் கொட்டிய நெல்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “பார், பழசில் ஒரு பதராவது உண்டா?” என்று கேட்பது வழக்கு நடத்தும் முறையல்ல.

ஆனாலும் பழைய பாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்குக் காரணம் முன்னோர்களின் பெருமை மட்டுமல்ல. அக்காலத்துச் சௌகரியக் குறைவுமாகும். பத்து அங்குல இசைத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பதிவு செய்யலாம். பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே அறையில், ஒரே சமயத்தில் வாசித்தாக வேண்டும். கடைசி அடியில் ஸ்வரம் பிசகினால் எல்லோரும் முதல் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கெடுபிடியினால் அவர்கள் மூச்சைச் சேமிக்கவும், சொல்லைத் தெளிவாக உச்சரிக்கவும், வீண் அலங்காரத்தை விலக்கவும் கற்றுக்கொண்டார்கள். இன்றோ ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே பதிவாகிறது. பாடகர் அடி அடியாகப் பாடலாம். ஸ்வரம் இறங்கினால் கணிப்பொறி அதைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. தவறில்லாத பாட்டு சுலபமாய்க் கிடைக்கிறது; தவறு நேருமோ என்ற பயத்திலிருந்து பிறக்கும் ஜாக்கிரதைதான் அருமையாகிவிட்டது. ஆகவே புதுப் பாட்டில் நான் தேடுவது அந்த ஜாக்கிரதையைத்தான்.

அதைக் கண்டுபிடிக்க மூன்று பரீக்ஷைகள் வைத்துக்கொண்டேன்.

முதலாவது, சொல் காதில் விழ வேண்டும். தமிழில் பாடுகிறோம் என்று சொல்லிவிட்டுச் சொல்லை வாத்தியத்தில் முழுக அடிப்பது என்ன நியாயம்? 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைத்தவர்கள் கேட்டது, பாடுகிற பொருள் கேட்கிறவருக்கு விளங்க வேண்டும் என்பதுதானே? இரண்டாவது, வாத்தியங்களையெல்லாம் எடுத்துவிட்டு, சமையல் அறையில் காய் நறுக்கிக்கொண்டே பாடினாலும் பாட்டு நிற்க வேண்டும். மூன்றாவது, ஒரு மாதம் கழித்து, யாரும் கேட்கச் சொல்லாமலே, மறுபடியும் கேட்கத் தோன்ற வேண்டும். இந்த மூன்றாவது பரீக்ஷையில்தான் பெரும்பாலான பாட்டுகள் வழுக்கி விழுகின்றன.

இனி ஐந்து பாட்டுகள். வரிசை வெளியான வருஷத்தை ஒட்டியதேயன்றித் தரத்தை ஒட்டியதல்ல.

முதல் பாட்டு, 2018-ல் வெளியான ‘96’ என்ற படத்தின் ‘காதலே காதலே’. இசை அமைத்தவர் ஸ்ரீ கோவிந்த் வசந்தா. எழுதியவர் ஸ்ரீ கார்த்திக் நேத்தா. ஸ்ரீமதி சின்மயியும் இசையமைப்பாளரும் பாடியிருக்கிறார்கள். கோவிந்த் வசந்தா வயலின் வாசிப்பவர். அது பாட்டைக் கேட்கும்போதே தெரிகிறது. வில் இழுக்கிறவருக்குத்தான் ஒரு ஸ்வரத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் அடுத்த ஸ்வரத்துக்குப் போகத் தெரியும். அவசரமே இல்லாத மெட்டு. சொற்களுக்கு நடுவே மௌனம் விட்டிருக்கிறார்கள். இக்காலத்தில் இது பெரிய தைரியம்.

இந்தப் படத்தின் மேல் எனக்குப் பிரியம் ஏற்பட இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீமதி எஸ். ஜானகியின் பெயரையே கதாநாயகிக்கு வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் பாடுவதெல்லாம் பழைய பாட்டுகள். ஆனால் 1991-ல் வந்த ‘தளபதி’ படத்தின் யமுனாகல்யாணிப் பாட்டை மட்டும், கதாநாயகன் எத்தனை தடவை கேட்டும், அவள் பாடுவதில்லை. இருபது வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகு, மின்சார விளக்கு அணைந்த ஓர் இரவில், பக்கவாத்தியம் எதுவுமின்றி அதைப் பாடுகிறாள். நான் வைத்த இரண்டாவது பரீக்ஷையை டைரக்டர் ஸ்ரீ பிரேம்குமார் எனக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்! ஒரு பழைய பாட்டு இரண்டு மனிதர்களுக்கு நடுவில் எத்தனை வருஷம் காத்திருக்க முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, 2021-ஆம் வருஷத்தில் வந்த ‘கர்ணன்’ படத்தின் ‘கண்டா வரச் சொல்லுங்க’. இசை ஸ்ரீ சந்தோஷ் நாராயணன். பாட்டை எழுதியவர் படத்தின் டைரக்டரான ஸ்ரீ மாரி செல்வராஜ். இசையமைப்பாளருடன் பாடியிருப்பவர் ஸ்ரீமதி கிடக்குழி மாரியம்மாள் என்ற கிராமியப் பாடகி. சபாவில் பழகிய குரல் அல்ல இது. திறந்த வெளியில், ஊர்க் கோடியில் நிற்பவருக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிய கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் நினைவு எனக்கு வந்தது. சுந்தராம்பாளுக்குச் சாஸ்திர ஞானம் உண்டு, இவருடைய வழி வேறு என்று வித்வான்கள் ஆட்சேபிக்கக்கூடும். நான் ஞானத்தை ஒப்பிடவில்லை. தொண்டையின் நேர்மையை ஒப்பிடுகிறேன். போனவனைத் திரும்பி வரச் சொல்லி ஊர் கூடி அழைக்கும் பாட்டு இது. இதைப் பூப்போல மெல்லிய குரலில் பாடியிருந்தால் போனவன் எப்படி வருவான்?

மூன்றாவது பாட்டின் பெயரைக் கேட்டாலே என் போன்ற கர்நாடகங்களுக்கு முகம் சுளிக்கும். பெயரில் பாதி இங்கிலீஷ்; பாட்டில் பாதி பேச்சு. அதே 2021-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’. ‘தீ’ என்ற பெயரில் பாடும் பெண்மணியும் ஸ்ரீ அறிவும் பாடியிருக்கிறார்கள். இசை ஸ்ரீ சந்தோஷ் நாராயணன். இது சினிமாப் பாட்டே அல்ல, தனிப் பாட்டு. கதாநாயகன் கதாநாயகியின் தயவில்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு உலகத்தைச் சுற்றி வந்தது என்பதே ஒரு நல்ல செய்தி அல்லவா?

தாளத்தோடு வேகமாகப் பேசிச் செல்வது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்பார்கள். அந்தப் பாணி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் லாவணி கேட்டவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாய்த் தோன்றாது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும், டேப் அடித்துக்கொண்டு, தாளம் தப்பாமல், மூச்சு விடாமல் வாதாடும் அந்தக் கலைக்கு இது தூரத்து உறவு.

ஆனால் நான் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. அதற்குள் ஒப்பாரியின் சாயல் இருக்கிறது. தோட்டத்துக் கூலி ஜனங்களின் ஞாபகம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் கதையிலிருந்து பிறந்தது இது என்று அறிவு சொல்லியிருக்கிறார். 1964-ல் ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை அளிப்பதென்றும் ஏற்பாடாயிற்று. சரித்திரப் பாடத்தில் இது ஒரு வாக்கியம். பரீக்ஷையில் இரண்டு மார்க்கு. ஒரு மலையைத் திருத்தித் தேயிலை வளர்த்தவர்கள், தாங்கள் பார்த்தே இராத ஊருக்குத் ‘திரும்பி’ வந்த கதையை இரண்டு மார்க்கில் எப்படி அடக்குவது? பாட்டைக் கேட்டுத் தாளம் போடும் பிள்ளைகளிடம் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். நான் இருபது வருஷமாகப் பிரம்பில்லாமல் சாதிக்க முயலும் காரியத்தைப் பாட்டு ஐந்து நிமிஷத்தில் சாதித்துவிடுகிறது.

நான்காவது, 2022-ல் வெளியான ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் ‘அலைகடல்’. இசை ஸ்ரீ ஏ. ஆர். ரஹ்மான், இயற்றியவர் ஸ்ரீ சிவா ஆனந்த், பாடியவர் ஸ்ரீமதி அந்தரா நந்தி. ‘கல்கி’ 1950-லிருந்து 1954 வரையில் தொடர்கதையாக எழுதி வந்த காலத்திலிருந்தே பூங்குழலிக்குத் தமிழர் வீடுகளில் தனி இடம் உண்டு. நாவலில் அவள் ஓடம் செலுத்திக்கொண்டு பாடும் பாட்டை நம் பாட்டிமார்கள் தத்தம் மெட்டில் பாடிக்கொண்டார்கள். ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு பூங்குழலி குரல் கொடுத்துக்கொண்டிருக்கையில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெட்டுப் போடுவது அபாயமான வேலை. படத்துக்காகப் புதிய சொற்களும் எழுதியிருக்கிறார்கள். எங்கே ஓடம் கவிழ்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே கேட்டேன். கவிழவில்லை. துடுப்புப் போடுகிற அசைவு மெட்டிலேயே இருக்கிறது. எழுவதும் தாழ்வதுமாய்ப் போகிறது. பாடியவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரல்ல. ஆயினும் சொற்களைக் கண்ணாடிப் பாத்திரம்போல் ஜாக்கிரதையாய் எடுத்து வைக்கிறார். தமிழ் தங்கள் வீட்டுச் சொத்து என்பதனாலேயே ழகரத்தைக் காலால் தள்ளிவிட்டுப் போகும் நம் ஊர்ப் பாடகர்கள் சிலர் இதைக் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, 2023-ல் வெளியான ‘விடுதலை’ முதல் பாகத்தின் ‘காட்டுமல்லி’. இசை ஸ்ரீ இளையராஜா; அவருடன் பாடியிருப்பவர் கன்னட நாட்டுப் பாடகி ஸ்ரீமதி அனன்யா பட். 1976-ல் ‘அன்னக்கிளி’யில் ஆரம்பித்தவர், நாற்பத்தேழு வருஷங்களுக்குப் பிறகு, எண்பதாவது வயதை நெருங்கும்போது போட்ட மெட்டு இது. ‘விடுதலை’ காட்டையும் போலீஸாரையும் அடக்குமுறையையும் பற்றிய கடுமையான படம். அதன் நடுவில் இந்தப் பாட்டு ஒற்றையடிப் பாதைபோல் நெளிந்து நெளிந்து போகிறது. இளையராஜாவின் குரலில் வயது தெரிகிறது. அதை மறைக்க ஒரு பிரயத்தனமும் செய்யவில்லை. மறைத்திருந்தால் பாட்டின் பாதி அழகு போயிருக்கும். கணிப்பொறி நினைத்தால் எல்லாக் குரலையும் இருபத்தைந்து வயதாக்கிவிடலாம் என்றிருக்கும் காலத்தில், ஒரு வயோதிகரின் குரலை வயோதிகரின் குரலாகவே விட்டு வைத்தார்களே, அந்த மரியாதைக்காகவே இதை நான் அடிக்கடி கேட்கிறேன்.

ஐந்து சொல்லியாயிற்று. இவற்றால் என் கட்சி மாறிவிடவில்லை. இந்த ஐந்தையும் ஒரு தட்டிலும் ‘மீரா’வின் ஒரு பாட்டை மற்றொரு தட்டிலும் வைத்தால் என் கை எந்தப் பக்கம் சாயும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் தராசைப் பற்றியதல்ல என் கவலை.

முன்னெல்லாம் ஒரு வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. அல்லது ஒரு ரேடியோ இருந்தது. இலங்கை வானொலி பாடினால் தாத்தாவும் கேட்டார், தண்ணீர் எடுத்துக்கொண்டு போன மருமகளும் கேட்டாள், கணக்குப் போடாமல் ஏமாற்றிக்கொண்டிருந்த பையனும் கேட்டான். பிடிக்கிறதோ இல்லையோ, ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பழைய பாட்டு எனக்குக் கிடைத்ததே அப்படித்தான். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று ஒரே கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு பேர் காதிலும் நான்கு குமிழ்கள். நான்கு வெவ்வேறு பாட்டுகள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சமாதானம் என்று பெரியவர்கள் திருப்தி அடைகிறார்கள். நான் அதைச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன். பாகப் பிரிவினை என்றுதான் சொல்வேன். நிலத்தைப் பிரித்தாலும் கிணற்றைப் பொதுவில் வைப்பது நம் கிராமத்து வழக்கம். பாட்டு குடும்பத்தின் பொதுக் கிணறு. அதைத் தூர்த்துவிட்டு ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம்.

இதன் விளைவு வகுப்பில் தெரிகிறது. எங்கே, ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றால், இருபது பிள்ளைகளுக்கு இருபது பாட்டு தெரிகிறது. சேர்ந்து பாட ஒன்றுகூட இல்லை. தெரிந்த பாட்டிலும் கைபேசியில் ஓடும் கால் நிமிஷத்துத் துண்டுதான் தெரிகிறது. பல்லவியோடு பாட்டு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சரணம் வரையில் கூடவே உட்கார்ந்து கேட்க வீட்டில் யாருக்கு அவகாசம் இருக்கிறது?

ஆகவே ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் காதுக் குமிழ்களையெல்லாம் மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பாட்டு, ஆளுக்கு ஒன்று. எல்லோரும் கேட்கும்படி வைக்க வேண்டும். நிபந்தனைகள் இரண்டே. பாட்டு முடிகிற வரையில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. இது முக்கியமாகப் பெரியவர்களுக்கு. முடிந்த பிறகு, இந்தப் பாட்டு ஏன் பிடித்தது என்று வைத்தவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இது முக்கியமாகச் சிறியவர்களுக்கு. பாகவதரின் பாட்டுக்குப் பெண் கொட்டாவி விட்டால் விடட்டும். அவளுடைய பாட்டுக்கு அப்பா மனத்துக்குள் கொட்டாவி விட்டுக்கொள்ளலாம். நாலு வாரம் கழித்துப் பாருங்கள். சமையல் அறையிலிருந்து புதுப் பாட்டும், மாடி அறையிலிருந்து பழைய பாட்டும் முணுமுணுப்பாய்க் கேட்காவிட்டால் என்னைக் கேளுங்கள்.

நேயர்கள் தங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை எழுதி அனுப்பினால் மகிழ்ச்சியோடு படிப்பேன். பட்டியலில் புதுப் பாட்டு ஒன்று, பழைய பாட்டு ஒன்று அவசியம் இருக்க வேண்டும். அதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும், ஸ்ரீ ஜி. ராமநாதனின் தட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.